சட்டைப்பைக்குள் ஒரு துப்பாக்கி

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நடைமுறையில் இருந்த வேளையில், யாழ்ப்பாணத்தில் தமது வீட்டுக்குள் இருந்த செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் யன்னலூடாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் சில வாரங்கள் கொழும்பில் எங்கள் ஆசிரியபீடத்தில் எவரும் உரத்துப் பேசவில்லை. தொலைபேசி மணி அடித்தால் எடுப்பதற்கு முன் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொள்வோம்.

அந்நாட்களில் ஒரு மாலைப்பொழுது, என்னிலும் பார்க்கப் பதினைந்து வயது மூத்த சக செய்தியாளர் ஒருவர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். மிகச் சிறிய கைத்துப்பாக்கிகள் மூன்றின் படங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் நீளமும் நிறையும் குறிக்கப்பட்டிருந்தன. தெரிந்த அரசியல்வாதி ஒருவர் அனுமதிப்பத்திரம் பெற்றுத் தருவதற்கு உதவுவதாகச் சொல்லியிருந்தாராம்.

"தம்பி, நீர் சரித்திரம் படிச்சனீர். இதிலை எது நல்லது எண்டு பாத்துச் சொல்லும். நாள் முழுக்கப் பொக்கற்றுக்கை கிடக்கவேணும், ஒருத்தருக்கும் தெரியப்படாது" என்றார்.

"பாத்துச் சொல்லுறன் அண்ணை" என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். துப்பாக்கிச் சூடுகளைப் பற்றி நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்த எனக்குத் துப்பாக்கியைப் பற்றி எதுவுமே தெரியாது என்பது அன்றுதான் விளங்கியது. அதன்பின் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அந்த வாசிப்பு இற்றைவரை விட்டுவிட்டுத் தொடர்கிறது. சட்டைப்பைத் துப்பாக்கியின் வரலாறு, அதை வாங்க நினைக்கும் மனிதனின் அச்சத்தின் வரலாறும் ஆகும் என்பதே அதில் நான் கண்டது.

இவ்வரலாற்றை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தொடங்குவது பொருத்தம். ஜேர்மனியக் குடியேறிகளின் மகனான ஹென்றி டெரிஞ்சர் 1786இல் பிறந்தவர். அமெரிக்க இராணுவத்துக்கு நீள்துப்பாக்கிகளைச் செய்து கொடுத்த கைவினைஞர் அவர். ஆனால் அவருடைய பெயரை நிலைக்கச் செய்தவை உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய சிறு கைத்துப்பாக்கிகளே. குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டு நிரப்பப்படும் அவற்றால் ஒரே ஒரு முறைதான் சுடமுடியும். இதனால் அவை பெரும்பாலும் சோடியாகவே விற்கப்பட்டன. கலிபோர்னியாவில் தங்கம் தேடிச் சனங்கள் குவிந்த காலத்தில் அங்கு அவற்றுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. போலிகளும் பெருகின. சான் பிரான்சிஸ்கோ வணிகர் ஒருவருக்கு எதிராக டெரிஞ்சர் தொடுத்த வழக்கில், 1865இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வணிகச்சின்ன உரிமை பற்றிய அமெரிக்காவின் முன்னோடி வழக்குகளில் அதுவும் ஒன்று. ஆயினும் அவருடைய பெயரோடு ஆங்கிலத்தில் ஓர் 'ஆர்' எழுத்துக் கூடுதலாகச் சேர்ந்து, சிறிய துப்பாக்கி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

அதே 1865ஆம் ஆண்டில் அப்பெயர் வேறொரு காரணத்தாலும் உலகெங்கும் பரவியது. ஏப்ரல் 14ஆம் திகதி பெரிய வெள்ளி இரவு, வொஷிங்டன் போர்ட் அரங்கில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனை, நடிகனான ஜோன் வில்க்ஸ் பூத் பின்னால் நின்று தலையில் சுட்டான். மறுநாட் காலை லிங்கன் உயிர்நீத்தார். பூத் பயன்படுத்திய டெரிஞ்சர் துப்பாக்கி இன்றும் அதே அரங்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மொத்த நீளம் 15 சென்ரிமீற்றருக்கும் குறைவு, நிறை ஏறத்தாழ 230 கிறாம்.

அந்தத் துப்பாக்கியில் இருந்தது ஒரே ஒரு குண்டு. அது தவறினால் மீண்டும் நிரப்ப நேரமில்லை என்பதைப் பூத் அறிந்திருந்தான். இதனாலேயே மிக அருகில் சென்றான். இதனாலேயே கத்தி ஒன்றையும் உடன் வைத்திருந்தான். சுட்டதும் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, தன்னைப் பிடிக்க முயன்ற மேஜர் ராத்போனைக் கத்தியால் குத்திவிட்டே மேடையில் குதித்தான். தற்காப்புக்கென்று விற்கப்பட்ட அச்சிறு கருவி, எதிரியை எட்டத்தில் நிறுத்தப் பயன்படவில்லை. சந்தேகத்துக்கு இடமின்றி ஒருவரை அணுகுவதற்கே பயன்பட்டது.

ஒற்றைக் குண்டு என்ற குறையைப் போக்கப் பலரும் முயன்றனர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல்கள் கொண்ட றெமிங்டன் டெரிஞ்சர் 1866இல் சந்தைக்கு வந்து, 1935 வரை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் அதிகமாக உற்பத்தியானது. பிரான்சில் 1890களில், துவிச்சக்கரவண்டி ஓட்டுவோர் தம்மைத் துரத்தும் நாய்களுக்கு அஞ்சி வாங்கவென்றே 'வெலோடொக்' என்னும் சிறிய சுழல்துப்பாக்கி உருவாக்கப்பட்டது. நாய்க்கு அஞ்சியவனுக்கும் ஒரு துப்பாக்கி விற்கப்பட்ட காலம் அது.

பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தவர் ஜோன் மோசஸ் பிறவுணிங். 1855இல் அமெரிக்காவின் யூட்டாவில் பிறந்த இவருடைய வடிவமைப்புகளைப் பெல்ஜியத்தின் எப்.என். தொழிற்சாலை வாங்கி உற்பத்தி செய்தது. 1900ஆம் ஆண்டு மாதிரியைத் தொடர்ந்து, மேலங்கியின் உட்சட்டைப் பைக்கென்றே 6.35 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரவையைப் பயன்படுத்தும் சின்னஞ்சிறு துப்பாக்கி ஒன்று வெளிவந்தது. அதனையே அமெரிக்காவில் கோல்ட் நிறுவனம் 1908இல் வெளியிட்டது. நீளம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். நிறை 370 கிறாம். ரவைக்கூட்டில் ஆறு ரவைகள். தட்டையான உருவம் ஆதலால் உடையின் மேல் புடைத்துத் தெரியாது. 1931இல் வந்த 'பேபி பிறவுணிங்' இதனிலும் சிறியது. 300 கிறாமும் இல்லை. பிரெஞ்சு மொழியில் 'பிறவுணிங்' என்பது கைத்துப்பாக்கி என்பதற்கே பொதுச்சொல்லானது.

இங்கே துப்பாக்கியைத் தெரிவு செய்பவன் எதிர்கொள்ளும் முதலாவது சிக்கலைச் சொல்லவேண்டும். 6.35 மில்லிமீற்றர் ரவையின் சன்னம் மூன்று கிறாம் சொச்சம் எடையுள்ளது. அதன் சக்தி ஏறத்தாழ 90 யூல். இராணுவங்கள் பயன்படுத்தும் 9 மில்லிமீற்றர் ரவையோடு ஒப்பிட்டால் இது ஐந்தில் ஒரு பங்களவே. அப்படியாயின் பெரிய ரவையைச் சிறிய துப்பாக்கியில் இட்டால் என்ன? துப்பாக்கியின் நிறை குறையக் குறையப் பின்னுதைப்பு கையில் கூடுதலாக உணரப்படும். பிடியில் இரண்டு விரல்களே பதியும். குழல் குறுகியதால் குறிகாட்டிகளுக்கு இடையிலான தூரமும் குறையும். கை மயிரிழை அசைந்தாலும் குறி தவறும். எனவே எப்போதும் கூடவே வைத்திருக்க மிக உகந்த துப்பாக்கி, தேவைப்படும் வேளையில் சுடுவதற்கு மிகக் கடினமான துப்பாக்கியாக அமைகிறது. இந்த முரண்பாட்டை நூற்றைம்பது ஆண்டுகளாக எந்தக் கைவினைஞராலும் முற்றாகத் தீர்க்க முடியவில்லை.

சுடக் கடினமானது என்றால் பயனற்றது என்று பொருளல்ல. மூன்றடி தூரத்தில் குறி தவறுவது அரிது. இதை வரலாறு மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது.

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் திகதி, மணியாச்சி புகையிரத நிலையத்தில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தபோது வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஞ்சியின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிறவுணிங். சுட்டபின் புகையிரத நிலையக் கழிவறைக்குள் ஓடிய வாஞ்சி, அதே துப்பாக்கியைத் தன் வாயில் வைத்து உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1914 ஜூன் 28ஆம் திகதி சரயேவோவில் பத்தொன்பது வயது கவ்ரீலோ பிரின்சிப் ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்டதும் ஒரு பிறவுணிங்கினாலேயே. 1910ஆம் ஆண்டு மாதிரியான அது, ஆறு அங்குல நீளமும் 600 கிறாமுக்குச் சற்றுக் குறைந்த நிறையும் உடையது. இரண்டே வெடிகள், ஆறு வாரங்களுக்குள் ஐரோப்பாவே யுத்தத்தில் இறங்கியது. 1948 ஜனவரி 30ஆம் திகதி புதுடில்லி பிர்லா மாளிகையில் பிரார்த்தனைக்கு நடந்து சென்ற காந்தியடிகளை நாதுராம் கோட்சே சுட்டது, இத்தாலிய அதிகாரிகளுக்கெனச் செய்யப்பட்ட பெரெட்டா 1934 மாதிரியால். அதுவும் சட்டைக்குள் மறையக்கூடிய அளவினதே.

இம்மூவரின் நோக்கங்களையும் ஒரே தராசில் இடுவது என் எண்ணமல்ல. வாஞ்சியை வீரர் என்று போற்றுவோர் பலர். கோட்சேயை அவ்வாறு போற்றுவதை நான் ஏற்கமாட்டேன். நான் கவனிப்பது கருவியை மட்டுமே. மூன்று சம்பவங்களிலும் அது கடைசிக் கணம்வரை எவர் கண்ணிலும் படவில்லை. மறைத்து வைத்திருக்கலாம் என்பது தற்காப்பாளனுக்கு ஒரு வசதி. தாக்குபவனுக்கோ அதுவே முழு ஆயுதம். எந்தக் கணத்தில் சுடவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவன் தாக்குபவன். தற்காப்பாளன் அந்தக் கணம் கடந்தபின்னரே பையைத் துளாவ வேண்டியவன்.

துப்பாக்கித் தெரிவு பற்றிய மிகப் பிரபலமான விவாதம் ஒரு கற்பனைப் பாத்திரத்துக்காக நடந்தது. இயன் பிளெமிங் தம் நாவல்களில் ஜேம்ஸ் பொண்டுக்கு முதலில் கொடுத்தது 6.35 மில்லிமீற்றர் பெரெட்டாவை. 1956இல் ஜெப்ரி பூத்ரொய்ட் என்ற துப்பாக்கி ஆர்வலர், அது பெண்களின் கைப்பைக்கே உரியது, உயிராபத்தான தொழில் செய்பவனுக்கு உதவாது என்று பிளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். அவர் முதன்மையாகப் பரிந்துரைத்தது ஒரு சுழல்துப்பாக்கியையே. ஆயினும் 1958இல் வெளிவந்த 'டொக்டர் நோ' நாவலில் பொண்டின் கைக்கு வந்தது ஜேர்மனியின் வால்தர் பி.பி.கே. கடிதம் எழுதியவரின் பெயரையே அந்நாவலின் ஆயுத நிபுணர் பாத்திரத்துக்குச் சூட்டினார் பிளெமிங்.

பி.பி.கே. 1930களின் தொடக்கத்தில் வெளிவந்தது. முதல் வெடிக்கு விசையை நீளமாகவும் பலமாகவும் இழுக்கவேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. இதனால் குழலில் ரவை இருக்கும் நிலையிலும் ஓரளவு பாதுகாப்பாகப் பையில் வைத்திருக்கலாம். பின்னர் வந்த சிறு துப்பாக்கிகள் பலவும் இவ்வழியையே பின்பற்றின.

ஆனால் கதைக்கு வெளியே அதற்கு ஒரு சோதனை வந்தது. 1974 மார்ச் 20ஆம் திகதி இரவு, இலண்டன் அரண்மனைக்கு அருகே இளவரசி ஆனின் வாகனத்தை மறித்து ஒருவன் அவரைக் கடத்த முயன்றான். மெய்க்காவலரான இன்ஸ்பெக்டர் ஜேம்ஸ் பீற்றனிடம் இருந்தது பி.பி.கே. அவர் சுட்ட முதல் வெடி குறிதவறியது. அடுத்ததற்குத் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. மூன்று தடவை சுடப்பட்டும் அவர் தம் உடலால் இளவரசியை மறைத்து நின்றார். அவ்வழியே வாடகைக் காரில் வந்த பத்திரிகையாளர் பிரையன் மக்கோனெல் வெறுங்கையோடு இறங்கி, அவனைப் பேசித் தடுக்க முயன்று மார்பில் சூடு வாங்கினார். முன்னாள் குத்துச்சண்டை வீரரான றொனால்ட் றஸ்ஸல் அவனைத் தலையில் குத்தினார். எல்லோரும் உயிர் தப்பினர். பீற்றனுக்கு ஜோர்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. பயிற்சி பெற்ற காவலர் ஒருவரின் சிறு துப்பாக்கி ஓய்ந்த இடத்தில், ஆயுதமற்ற மனிதர்களின் கைகளும் உடல்களுமே வேலை செய்தன. அவர்களுள் ஒருவர் எம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

அமெரிக்காவில் இக்கதை வேறு திசையில் சென்றது. றொபேர்ட் கென்னடி 1968 ஜூனில் சிறிய சுழல்துப்பாக்கி ஒன்றினால் சுடப்பட்டு இறந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் நிறைவேறிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், மிகச் சிறிய கைத்துப்பாக்கிகளின் இறக்குமதி தடைப்பட்டது. அளவுக்கும் நிறைக்கும் புள்ளிகள் இட்டுப் பார்க்கும் முறையில் பி.பி.கே.யும் தேறவில்லை. வால்தர் நிறுவனம் சற்றே பெரிய பிடியைப் பொருத்திப் புதுப் பெயரில் அதனை அனுப்பியது. உதிரிப்பாகங்களாக இறக்குமதி செய்து உள்நாட்டில் பொருத்துவதைச் சட்டம் தடுக்கவில்லை. 1981 மார்ச் 30ஆம் திகதி ஜனாதிபதி றீகன் மீது ஹிங்க்லி பயன்படுத்திய மலிவான .22 சுழல்துப்பாக்கி, அவ்வாறு ஜேர்மனியப் பாகங்களைக் கொண்டு மியாமியில் பொருத்தப்பட்டதே. இரண்டு வினாடிக்குள் ஆறு வெடிகள். வாகனத்தில் பட்டுத் தெறித்த ஒரு சன்னம் றீகனின் இதயத்துக்கு ஓர் அங்குலம் வரை சென்றது. அவருடைய ஊடகச் செயலாளர் ஜேம்ஸ் பிறேடி வாழ்நாள் முழுவதும் ஊனமுற்றார். 'வலுவற்ற' ரவை என்று நிபுணர்கள் எழுதுவதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பிறேடியின் நினைவு வரும்.

இதன்பின் அலை மாறியது. புளோரிடா மாநிலம் 1987இல் தகுதியுள்ள எவருக்கும் மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதியை மறுக்காது வழங்கும் சட்டத்தை இயற்றியது. பிற மாநிலங்கள் தொடர்ந்தன. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை எனத் தீர்ப்பளித்தது. இன்று அரைவாசிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு அனுமதிப்பத்திரமே தேவையில்லை. சட்டம் திறந்த கதவால் சந்தை நுழைந்தது. 1999இல் கெல்-டெக் நிறுவனம் 200 கிறாமுக்கும் குறைந்த பி-32 துப்பாக்கியை வெளியிட்டது. 2008இல் றூகர் நிறுவனத்தின் எல்.சி.பி. வந்தது. அதே ஆண்டில், கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பதால் ஆரம்பத்தில் விற்றவற்றை நிறுவனமே திருப்பி அழைத்துத் திருத்திக் கொடுக்க நேர்ந்தது. துப்பாக்கி உள்ள பையில் திறப்போ சில்லறைக் காசோ இருக்கக்கூடாது, விசையை மூடிய உறையில் இட்டே வைக்கவேண்டும் என்று அங்குள்ள பயிற்றுநர்கள் ஓயாது சொல்வது காரணமின்றி அல்ல.

இன்னுமொரு செய்தி உண்டு. அமெரிக்காவில் ஆண்டுதோறும் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை கொலைகளல்ல, தற்கொலைகள். எங்கோ வரப்போகும் எதிரிக்கென வாங்கி வைத்த கருவி, சோர்ந்துபோன ஓர் இரவில் வாங்கியவனின் அல்லது அவன் பிள்ளையின் கையில் இருந்துவிடுகிறது. துப்பாக்கி விளம்பரத்தில் நீளமும் நிறையும் அச்சிடப்படும். இது அச்சிடப்படுவதில்லை.

மீண்டும் 2000ஆம் ஆண்டுக் கொழும்புக்கு வருகிறேன். அண்ணை தந்த தாளுக்கு நான் ஒரு கிழமை கழித்து, அப்போது தெரிந்த அளவில் பதில் சொன்னேன். மூன்றில் எதைத் தெரிவு செய்தாலும் சுடுவதற்குப் பயிற்சி வேண்டும், எங்களுக்கு அதற்கு இடமுமில்லை, நேரமுமில்லை என்றேன். நிமலராஜன் யன்னலுக்கு வெளியிலிருந்து சுடப்பட்டார். 1990 பெப்ரவரியில் றிச்சர்ட் டி சொய்சா இராஜகிரியவில் வீட்டிலிருந்து ஆயுதபாணிகளால் கொண்டுசெல்லப்பட்டு, பின் உடலாகவே கண்டெடுக்கப்பட்டார். அவர்களின் சட்டைப்பையில் 300 கிறாம் உருக்கு இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்று கேட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

நான் சொல்லாமல் விட்டதை அவரே சொன்னார். வெள்ளவத்தையில் இருந்து அலுவலகம் வருவதற்குள் அவர் இரண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டவேண்டும். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். "துவக்கை எடுத்துக் காட்டி, அடுத்த பொக்கற்றிலை கிடக்கிற அனுமதிப்பத்திரத்தை எடுக்கிற வரைக்கும் அவன் பாத்துக்கொண்டு நிப்பானோ?" என்றார். அக்காலக் கொழும்பில் ஒரு தமிழனின் பையில் துப்பாக்கி இருப்பது பாதுகாப்பா, ஆபத்தா என்பதற்கு எந்த ஆயுத நிபுணரும் அதைவிடத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்க முடியாது.

அவர் விண்ணப்பிக்கவில்லை. ஆனால் அதற்குச் சாவடி மட்டும் காரணமல்ல என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவருடைய மனைவி சொல்லித்தான் அறிந்தேன். அன்றிரவு அவர் வீட்டில் இவ்விடயத்தைச் சொன்னபோது, அக்கா கேட்டது ஒரே கேள்விதானாம்: "ராவிலை கழட்டி எங்கை வைப்பியள்? பிள்ளையளுக்கு எட்டாத இடம் இந்த வீட்டிலை எது?" இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. மூன்று பிள்ளைகள். அண்ணை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தாராம்.

துப்பாக்கிப் படங்கள் கொண்ட அந்தத் தாள் இன்னமும் என் பழைய கோப்பு ஒன்றுக்குள் இருக்கிறது. நீளமும் நிறையும் குறித்த வரிகளின் பக்கத்தில், அண்ணையின் கையெழுத்தில் பென்சிலால் ஒரு சரி அடையாளம். மூன்றிலும் மிகச் சிறியதற்கே போட்டிருந்தார்.